பர்மனென்ட் அட்ரஸ்

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மனிதர்களின் பெயரை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். என் மகள் வளர்மதி வேலை செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பத்தொன்பது கதவுகள் இருக்கின்றன. நான்கில் பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்துத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள். மீதிப் பதினைந்தில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பெயர் அச்சடித்த காகிதத் துண்டு. இழுத்தால் வந்துவிடும். மதியம் அவளுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே நடப்பேன். நான் ஸ்காட்லாந்துக்கு வந்த இந்த ஐந்து மாதத்தில் ஆறு காகிதங்கள் மாறிவிட்டன. தகடு ஒன்றும் மாறவில்லை. கொல்லிமலையில் முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று தெரியாமல் இல்லை.

காகிதப் பெயர்க்காரர்கள் அத்தனை பேரையும் ஆரம்பநிலை ஆய்வாளர்கள் என்கிறார்கள். ஒருவர் இதயத்தை ஆராய்கிறார், ஒருவர் மூளையை, இன்னொருவர் ஸ்கேன் படங்களைக் கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார். வளர்மதிக்கு இரத்த அணுக்கள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு, இன்னமும் ஆரம்பம்தான். மலையில் எங்கள் ஊர்ப்பக்கமான குண்டனி நாட்டில் அந்த வயதில் மருமகள் எடுத்தவர்கள் உண்டு. அவள் முதல் காண்ட்ராக்ட் மூன்று வருடம். பிறகு ஒன்றரை, பிறகு பதினோரு மாதம், கடைசியாக ஆறு மாதம். எனக்குக் கொடுத்த விசாவும் ஆறு மாதம்தான்.

ஊரிலிருந்து கிளம்பிய அன்று, மலைமேல் சந்தை கூடும் சோளக்காடு என்ற ஊரில் பஸ்ஸுக்கு நின்றேன். அங்கே மிளகு வியாபாரம் பார்க்கும் பெரியசாமி, என் மனைவியின் தம்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

“பாப்பாவுக்கு வேல பர்மனென்ட் ஆயிருச்சுங்களா மாமா?”

இல்லையப்பா, காண்ட்ராக்ட்தான் என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் மலையில் காண்ட்ராக்ட் என்றால் ரோடு போடுகிறவர்கள், பாலம் கட்டுகிறவர்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார்.

“ரோடுங்களா, கட்டடமுங்களா?”

என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு செலவாகும் என்று ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுக்க வேண்டும், பலர் எழுதி ஒரு சிலருக்கே கிடைக்கும் என்று விளக்கினேன்.

“அதத்தானுங்க நாங்க டெண்டருங்கறோம்” என்றவன், பலாப்பழக் கடைக்காரியிடம் திரும்பினான். “எங்கக்கா மக வெளிநாட்டுல காண்ட்ராக்ட் எடுத்திருக்குது. இனி மாமா எங்கிட்ட மொளகுக்கு வெல பேச மாட்டாரு.”

அதற்குள் பஸ் வந்துவிட்டது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி முடியும்வரை அவனுக்கு வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஆனால் அவன் கேட்ட கேள்வி மட்டும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் இந்த ஆய்வாளர்கள் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள். என்னையும் உட்கார வைப்பார்கள். ஸ்கேன் படக்காரன் ஆண்ட்ரூ உள்ளூர்ப் பையன். இவனுக்காவது நிலையாக ஒன்று இருக்கும் என்று நினைத்து, “ஆர் யூ பர்மனென்ட்?” என்று கேட்டேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “நோபடி இஸ், சார்” என்று சொல்லி என் தோளில் கை வைத்தான். பிறகு தன் அப்பா இறந்த கதையை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். எனக்குப் பாதிதான் புரிந்தது. தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வளர்மதி சிரித்தாள். “அம்மா போன துக்கத்துல நீங்க சாவப் பத்திக் கேக்கறீங்கன்னு நெனச்சுட்டானுங்கப்பா.”

அப்படியானால் அவன் பர்மனென்ட்டா இல்லையா என்று கேட்டேன்.

“இல்லீங்கப்பா. எனக்கு முன்னாடியே அவனுக்கு முடியுது.”

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் ஆண்ட்ரூவின் காகிதமும் கதவில் இல்லை.

அவள் நம்பியிருந்தது ஆரம்பநிலை ஆய்வாளர்களுக்கான ஐந்து வருட நிதியை. கிடைத்தால் சொந்தமாக ஆய்வு நடத்தலாம், விசாவும் நீளும். பதில் வந்தது. முனைவர் பட்டம் வாங்கி இத்தனை வருடத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டுமாம், ஏழு மாதம் தாண்டிவிட்டதாம். மூத்தவர்களுக்கான நிதி கேட்க, ஏற்கெனவே குழு நடத்தியிருக்க வேண்டும். குழு நடத்த நிதி வேண்டும். ஊரில் இரண்டு கல்லூரிகளில் கேட்டுப் பார்த்தாள். தகுதி அதிகம் என்றது ஒன்று, வகுப்பெடுத்த அனுபவம் இல்லை என்றது மற்றொன்று.

ஏழு மாதம். என் மனைவி படுக்கையில் விழுந்தபோது வளர்மதி மலைக்கு வந்து பத்து மாதம் இருந்தாள். தலை வாரிவிட்டாள், ராகிக் கஞ்சியை வடிகட்டிக் கரண்டியால் ஊட்டினாள், எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பினாள். பத்தைக் கழித்தால் மூன்று மாதம் மிச்சமே இருக்கிறது. அதை எழுதிக் கேட்டாள். வேலையில் இருந்துகொண்டு விடுப்பு எடுத்திருந்தால் கழிக்கலாமாம். அவள் வந்தது இரண்டு காண்ட்ராக்டுக்கு நடுவில். அதனால் அது விடுப்பு ஆகாதாம். அப்படியென்றால் அந்தப் பத்து மாதத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

“இடைவெளிங்கறாங்கப்பா” என்றாள்.

நேற்று அவளுக்குக் கடைசி நாள். காகிதத்தைத் தானே இழுத்து எடுத்துவிட்டு, கதவு திறக்கும் அட்டையை ஒப்படைக்கக் கீழே அலுவலகத்துக்குப் போனாள். நானும் போனேன். கடைசிச் சம்பளப் பத்திரங்களைத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று சொல்லி, அங்கிருந்த அம்மாள், “பர்மனென்ட் அட்ரஸ்?” என்று கேட்டாள். வளர்மதி என்னைப் பார்த்தாள். இங்கே அறைக்கு வாடகை இந்த மாதக் கடைசி வரைதான், அவள் விசாவிலும் மிச்சம் சில வாரங்கள்தான். அதற்குப் பிறகு எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குண்டனி நாடு என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அந்த அம்மாள் இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினாள். பிறகு நிமிர்ந்து, வீட்டுக்குப் போகிறாயா, ரொம்ப நல்லது என்றாள். வளர்மதி தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே விளங்கவில்லை. அந்த அம்மாள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்தத் தபால் எனக்கு முன்பே மலையேறிவிடும். பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிற தபாலையெல்லாம் பெரியசாமிதான் வாங்கி வைக்கிறான். பல்கலைக்கழக முத்திரை போட்ட கனமான உறை, மேலே அக்கா மகளின் பெயர். பிரிக்க மாட்டான், நாகரிகம் தெரிந்தவன். சோளக்காட்டுக் கடைகள் அத்தனைக்கும் எடுத்துப்போய், பாப்பாவின் காண்ட்ராக்ட் பணம் வந்துவிட்டது என்று காட்டுவான்.