மூன்று நாள் கொதித்த ஜப்சாய்

ஓமானின் சலாலாவில் ஜூலை பிறந்தால் வெயில் எங்கே போகிறதென்றே தெரியாது. கரீஃப் என்னும் பருவமழைச் சாரல் இறங்கிவிடும். மலை இருந்த இடத்தில் வெள்ளையாய்ப் பனிமூட்டம் ஒன்று நிற்கும். அப்படியொரு நாளில்தான் பிம்சான் ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

அவள் கணவன் அம்மையப்பனுக்கு அறந்தாங்கிப் பக்கம் ஊர். ஹோட்டலில் ஏசி மெக்கானிக். அவள் அதே ஹோட்டல் ஸ்பாவில் வேலை பார்க்கும் தாய்லாந்துக்காரி. த்ராங் நகரத்துச் சீன வம்சம். திருமணமாகி ஆறு வருடமாகிறது. அவன் அண்ணி போனிலேயே கற்றுக்கொடுத்ததால் அவள் அவனை ‘மாமா’ என்பாள். அவள் அம்மாவோ இந்த ஆறு வருடமும் மருமகன் முகத்தைப் பார்க்க மறுத்துவிட்டாள். போனில் மகளோடு மட்டும் பேச்சு.

கட்டுப்போட்ட மூன்றாம் நாள் பிம்சான் சொன்னாள்: “மாமா, ஜப்சாய் வேணும்.”

“அந்தக் கீரைக் குழம்பா? நீ வைக்கிறதையே நான் பாதிதான் திங்கிறேன்.”

“நீ வை. நான் சொல்றேன்.”

அன்று வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு. பூண்டு, மிளகோடு கொத்தமல்லி வேரையும் இடிக்கச் சொன்னாள். இத்தனை காலம் அவன் வெட்டியெறிந்த வேர். இடித்ததை எண்ணெயில் வதக்கி, கோழிக்கால்களைப் புரட்டி, சோயா சாஸும் அன்னாசிப்பூவும் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். முள்ளங்கி, காளான், முட்டைக்கோஸ், கடுகுக்கீரை, செலரி என்று பாத்திரம் மலையாய்க் குவிந்தது. அவன் கை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் போனது.

“மிளகாய் மாஃபி! கூடாது!” என்று அரபியும் தமிழும் கலந்து கத்தினாள்.

கீரைக் குவியல் மெல்ல அமிழ்ந்தது. ஜன்னலைத் திறந்தான். வெளிப்பனி உள்ளே வந்ததா, உள்ளாவி வெளியே போனதா, சொல்ல முடியவில்லை. தெருவில் ஓர் ஒட்டகம் கால்களே இல்லாததுபோல் மிதந்து போனது. பிம்சான் நாற்காலியில் கண் செருகியிருந்தாள். அவனும் கரண்டியைப் பிடித்தபடி, தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதைச் சற்று நேரம் மறந்திருந்தான்.

போன் அடித்தது. பிம்சானின் அம்மாதான், வீடியோவில். பிம்சான் தூக்கக் கலக்கத்தில் எடுத்து, அடுப்படி அலமாரியில் சாய்த்து வைத்தாள். திரையில் பாத்திரமும் அவன் கைகளும் மட்டும் தெரிந்தன. மறுமுனையில் பேச்சு நின்றது. அவன் கரண்டியை நிறுத்தினான், போய்விடலாமா என்றிருந்தது. பிறகு அந்த அம்மாள் ஏதோ சொன்னாள்.

“தீ அதிகமாம்,” என்றாள் பிம்சான், மெதுவாக. “உங்கிட்டதான் சொல்றாங்க.”

அவன் தீயைக் குறைத்தான். அவ்வளவுதான் அன்றைக்கு.

ஜப்சாயை ஒரே நாளில் தின்று முடிப்பதில்லை. சூடாக்கச் சூடாக்கத்தான் ருசி ஏறும். மறுநாள் அம்மா தானாகவே கூப்பிட்டு, குழம்பைக் காட்டச் சொன்னாள். கொஞ்சம் சர்க்கரை போடச் சொன்னாள். மூன்றாம் நாள் கீரையெல்லாம் கரைந்து, கோழி எலும்பைவிட்டு நழுவி, குழம்பு கருத்துப் பளபளத்தது. பிம்சான் இடது கையால் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அம்மையப்பனும் கிண்ணத்தை வழித்துவிட்டான். அவனாலேயே நம்ப முடியவில்லை.

அப்போதுதான் அம்மா கேட்டாள், முகத்தைக் காட்டச் சொல்லி.

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரைக்கு முன் வந்தான். வெள்ளை முடியும் சுருங்கிய கண்களுமாய் ஒருத்தி அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் சின்னதாய் ஒன்று கேட்டாள்.

“என்னா சொல்றாங்க, பிம்?”

“சாப்டாச்சான்னு கேக்குறாங்க, மாமா.”

அவன் தமிழிலேயே சொன்னான்: “ஆச்சும்மா. நீங்க?”

டிசம்பர் லீவுக்கு அறந்தாங்கி போகுமுன் த்ராங் போவதென்று அன்றே முடிவாகிவிட்டது.