மாரியில் உறைந்த எண்ணெய்

கல்முனையில் காலையில் பசியாற எத்தனை கடை இருக்கிறதோ, அத்தனையையும் ஒரு சனி ஞாயிறுக்குள் பார்த்துவிட வேண்டும் என்றுதான் மருமகன் அஸ்பாக் கொழும்பிலிருந்து வந்தார். என் மூத்த சகோதரி கமீலா ராத்தாவின் மகள் முஸ்பிறாவைக் கட்டியவர். நல்ல பிள்ளை, சாப்பாட்டுப் பிரியர்.

ராத்தாவின் கணவர் ஜெமீல் மச்சான் மவுத்தாகி, கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற இத்தாவை ராத்தா முடித்த வாரம் அது. அந்த நாளெல்லாம் அவர் நிந்தவூரில் தன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. தொழுவார், ஓதுவார். சோற்றை முன்னால் வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. வெளியில் கூட்டிப்போனால் தின்கிற எண்ணம் வரும் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். துணைக்கு, தங்கச்சி நானும் போனேன்.

மச்சான் நெல் வாங்கி விற்றவர். சனிக்கிழமைகளில் கல்முனைச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது கையில் ஒரு பார்சல் இருக்கும். இடியப்பமோ, பராட்டாவோ, அப்பமோ. அதையெல்லாம் ராத்தா வீட்டில் இருந்து தின்றிருக்கிறாரே தவிர, சுட்ட கையைக் கண்டதில்லை. சந்தை ஆண்களுடைய இடம் என்று இருந்துவிட்ட காலம்.

அஸ்பாக் முதலில் கூட்டிப்போனது பெரிய ரோட்டில் புதிதாய்த் திறந்த கடை. கண்ணாடிக் கதவு, குளிர் மெஷின். தட்டு வந்ததும் அவர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"மாமி, இஞ்ச முட்டை ரொட்டிதான் விசேசம். திண்டு பாருங்க."

ராத்தா தட்டைப் பார்க்கவில்லை. "மகன், அப்பம் சுடுற ஆக்கள் எந்தப் பக்கம் இரிக்காங்க?"

"அப்பமும் இஞ்ச இரிக்கி மாமி."

"கடைக்குள்ள இல்ல. ரோட்டுல வெச்சிச் சுடுற."

"உம்மாக்கு ஏசி ஒத்துக்குதில்ல" என்று முஸ்பிறா சிரித்தாள்.

அடுத்து பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு பராட்டாக் கடை. பிறகு எருமைத் தயிர் விற்கிற இடம். போன இடமெல்லாம் ராத்தா அதே கேள்வியைத்தான் கேட்டார். ஒரு வாய்க்கு மேல் எதுவும் உள்ளே போகவில்லை.

"மாமி சொந்தமா அப்பக்கடை போடப் போறாக போல. எல்லாத்தையும் விசாரிக்காக" என்றார் அஸ்பாக்.

"நக்கலடிக்காதீங்க. உம்மா ஒண்டும் திண்ணல்ல" என்று முஸ்பிறா முகத்தைச் சுருக்கினாள்.

வீட்டுக்கு வந்து அந்தி நேர மஃரிப் தொழுத பிறகு, பாயை மடிக்காமல் இருந்தபடியே ராத்தா சொன்னார்: "நான் சாப்பாடு தேடி வரல்ல புள்ள. ஒரு மனிசியத் தேடித்தான் வந்த."

குளிரில் விறைத்து மாடுகள் செத்த மாரி ஒன்று வந்ததே, அந்த மாரியில் நடந்த கதையைச் சொன்னார். சந்தைச் சந்தியில் சகாயம்மா என்றொரு கத்தோலிக்க மனுசி அப்பம் சுட்டு விற்பார். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நம்முடைய ஆட்கள்தான். மச்சானும் அங்கேதான் வாங்குவார். நத்தாருக்குக் கிட்டின ஒரு காலையில், சட்டியில் பூசுகிற எண்ணெய் வைத்த தகர ரின்னுக்குள் வெள்ளைக் கொழுப்பு உறைந்து கிடப்பதை மச்சான் கண்டார். கிறிஸ்து பிறந்த பெருநாள் நெருங்குகிறது, வீட்டில் பன்றி சமைத்திருப்பார்கள், அந்தக் கொழுப்புத்தான் இது என்று அவர் மனம் முடிவு கட்டிவிட்டது. வாங்கின அப்பத்தைக் குப்பையில் போட்டார். நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போய், இருந்தவர்களிடம் சொன்னார்.

அந்த வாரமே ராத்தா தன் தலைக்குப் பூசுகிற எண்ணெய்ப் போத்தலை வெயிலில் வைத்தார். மச்சான் அதைப் பார்த்து, "இது என்ன வெள்ளையாக் கிடக்கு?" என்று கேட்டார்.

"தேங்காயெண்ணெய்தான். குளிருக்கு உறைஞ்சி போச்சி."

மச்சான் அப்படியே படியில் இருந்துவிட்டாராம். அதற்குள் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. அவர் அந்தச் சந்திக்குப் பலதடவை போனார். வெட்கம் காலைப் பிடித்தது, திரும்பி வந்தார். பிறகு ஒருநாள் போனபோது அடுப்பு இருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது. கடைசியாய் நெஞ்சு வலி வந்த அன்றும் ராத்தாவிடம் அந்த மனுசியின் பெயரைத்தான் சொன்னார்.

"சனாஸா அடக்கின அண்டைக்கு நம்ம ஆக்களெல்லாம் மன்னிச்சாங்க. அவ அங்க இருக்கல்லயே" என்றார் ராத்தா. "மனிசருக்குச் செஞ்ச குறைய அந்த மனிசர் மன்னிக்காம அல்லா மன்னிக்க மாட்டான். அவர் கபுறுக்குள்ள கிடக்காரு. எனக்குச் சோறு எப்பிடி இறங்கும்?"

அஸ்பாக் போனைக் கீழே வைத்தார்.

ஞாயிறு காலை சந்தைக்குள் நுழைந்தோம். சூடை மீன் குவியலும், கருவாட்டு மணமும், கீரைக் கட்டுகளும், நெருக்கும் ஆட்களும். ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தார். மீன் வெட்டுகிற ஒருவர், "சகாயம்மாவா? அவ இப்ப சேர்ச்சுக்குப் பின் ஒழுங்கையில. பூச முடிஞ்சாத்தான் அடுப்பு மூட்டுவா" என்றார்.

போய்க் காத்திருந்தோம். நரைத்த தலையோடு ஒரு மனுசி, பூசைக்கு உடுத்த சேலையிலேயே வந்து அடுப்பை மூட்டினார். சுவரோரம் உட்கார ஒரு மரவாங்கு, ஒரு அப்பச்சட்டி, அந்த ரின். வேறு ஒன்றுமில்லை. ராத்தா கிட்டப்போய்க் குனிந்து, மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னார்.

சகாயம்மா சட்டியில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஒரு கிழமைக்குள்ள ஒரு முஸ்லிம் ஆளும் வரல்ல" என்றார். "ஏன் எண்டும் ஒருத்தரும் சொல்லல்ல. அடுப்பு சும்மா எரிஞ்சிக்கிட்டுக் கிடந்திச்சி. மறுகாத்தான் கேள்விப்பட்டன், பண்டிக் கொழுப்பாம்."

"அவர் கெட்ட எண்ணத்துல சொல்லல்ல அக்கா."

"கெட்ட மனிசனில்ல, எனக்குத் தெரியும். கருகின அப்பத்தக் குடுத்தாலும் கத்தாம வாங்கிட்டுப் போவாரு. அதாலதானே எல்லாரும் அவர நம்பினாங்க."

ராத்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அவர மன்னிச்சிருங்க அக்கா."

"நீங்க என்ட காதுக்குள்ள வந்து கேக்குறீங்க புள்ள. அவரு காதுக்குள்ளயா சொன்னாரு?"

முஸ்பிறாவுக்குக் கோபம் வந்தது. "உம்மா, வாங்க போவம். இவ்வளவு கேட்டது போதும்."

"சும்மா இரி. அவ சொல்றது சரி."

ராத்தா அந்த வாங்கின் ஒரு தலைப்பைப் பிடித்தார். மற்றத் தலைப்பை நான் பிடித்தேன். ஒழுங்கை பெரிய ரோட்டில் சேருகிற இடத்தில் கொண்டுபோய், ரோட்டைப் பார்க்கப் போட்டோம். ஆண்கள் போகவர இருக்கிற ரோட்டோரத்தில் என் ராத்தா ஒருநாளும் வாய் திறந்து ஒன்றும் தின்றதில்லை. இத்தா முடிந்து நாலு நாள்கூட ஆகாத பெண். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இருந்தார். "அக்கா, அப்பம் தாங்க" என்றார். தட்டு வந்ததும் அயலில் கேட்கிறமாதிரி "பிஸ்மில்லாஹ்" சொல்லி, பிய்த்து வாயில் வைத்தார்.

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் பக்கத்தில் இருந்தேன்.

ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாகி நின்றது. அப்துல் ஸமட் காக்கா. எங்கள் ஊர், கல்முனையில் மரக்கடை வைத்திருக்கிறவர். பள்ளியில் மச்சானோடு ஒரே சப்பில், தோளோடு தோள் நின்று தொழுதவர்.

"கமீலா! என்ன புள்ள இது, ரோட்டுல? அதுவும் இந்த மனிசிட சாப்பாட்ட..."

"என்ட மாப்பிள பிழையாச் சொன்ன கதை அது காக்கா. ரின்னுக்குள்ள இருந்தது தேங்காயெண்ணெய். குளிருக்கு உறைஞ்ச. அவருக்கே அது தெரிஞ்சிட்டு. சொல்ல முந்தி மவுத்தாப் போயிட்டாரு. இப்ப நான் சொல்றன்." ராத்தா உரக்கத்தான் சொன்னார்.

ஸமட் காக்கா என்ஜினை நிறுத்தினார். தாடியைத் தடவினார். "யா அல்லா! அண்டைக்கு நானும் அந்தத் தேத்தண்ணிக் கடையில இருந்தன். எத்தின பேருக்குச் சொன்னன்..."

"அப்ப நீங்களும் இரிங்க."

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். வாங்கில் எங்களோடு இருக்காமல், அடுப்புக்கு எதிரே குந்திக்கொண்டு கையை நீட்டினார். சகாயம்மா அதிலும் ஒரு அப்பத்தை வைத்தார்.

சட்டியில் மாவை வட்டமாய்ச் சுழற்றியபடி சகாயம்மா சொன்னார்: "புள்ள, உங்கட மனிசன நான் மன்னிச்சிட்டன். மாதாவுக்கு முன்னால சொல்றன். என்னால அவருக்கு அங்க ஒரு கேள்வியும் வராது."

ராத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கண்ணீர் வடிந்து தட்டில் விழுந்தது. அழுதுகொண்டே தின்றார். முடிந்ததும் இன்னொன்று கேட்டார். முஸ்பிறா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அஸ்பாக் படம் எதுவும் எடுக்கவில்லை. கடைசியில், "எங்களுக்கும் தாங்க அக்கா" என்று மட்டும் சொன்னார்.

ராத்தா இப்போதும் ஞாயிறுகளில் நிந்தவூரில் பஸ் ஏறிப் போகிறார். வாங்கு அதே இடத்தில்தான் கிடக்கிறது. திரும்பி வந்த வாடிக்கை கொஞ்சம். பார்த்தும் பாராததுபோல் போகிறவர்கள்தான் அதிகம். "எல்லாரும் வாற வரைக்கும் போகப் போறயா?" என்று ஒருநாள் கேட்டேன். "சொன்னவர் என்ட மாப்பிளதானே" என்றார்.

இந்த மாரியிலும் ஒரு காலை எண்ணெய் உறைந்தது. நான் போய்ப் பார்த்தபோது ராத்தா அந்த ரின்னை மடியில் வைத்து, ரோட்டால் போகிறவர்களுக்குத் தெரிகிறமாதிரி அதன் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு இருந்தார். வெயில் வந்து, வெள்ளை மெல்ல உருகி, தெளிந்த எண்ணெயாகும் வரைக்கும் அப்படியே இருந்தார்.