நோட்டில் ஒட்டிய முனை

எங்கள் ஊரில் கடல் இல்லை. ஆனாலும் கப்பல் கிளம்பும் நாளை வைத்துத்தான் எங்களுக்குச் சாப்பாடு, தூக்கம், கல்யாணம் எல்லாம். தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் போகிற வாரத்தில் சாவு விழுந்தால்கூட அரை நாள்தான் லீவு. எங்கேயோ இருக்கிற குழந்தைகள் குளிருக்குப் போடும் முழுக்கைச் சட்டையை நாங்கள் ஆடிக் காற்றில் தைப்போம்.

தைக்கிறவர்களில் பாதிப்பேர் ஒடிசா, பீகார். எங்கள் தெரு மளிகைக் கடையில் இப்போது கடுகு எண்ணெய் விற்கிறது. என் பிள்ளை அந்தக் கடைக்கு வரும் வடக்கத்திக்காரர்களிடம் இந்தியில் பேசுகிறது. அவர்கள் எங்களிடம் "இல்லீங்க" என்கிறார்கள்.

நான் மங்கலத்தில் தறி ஓட்டியவள். எட்டாவதோடு சரி. இப்போது இந்த ஏற்றுமதி பனியன் கம்பெனியில் எனக்கு ஊசி கொடுக்கும் வேலை. மிஷினில் ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டையும் என்னிடம் கொண்டுவர வேண்டும். முழு ஊசியாகச் சேர்த்து நோட்டில் டேப் போட்டு ஒட்டுவேன். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லைனில் இருக்கிற மிஷின் முழுக்க நிற்கும். சட்டையோடு ஊசி போய் அங்கே ஒரு குழந்தையைக் குத்திவிடக் கூடாது. வெளிநாட்டு வியாபாரி போட்ட சட்டம். நல்ல சட்டம்தான்.

போன வருஷம் கன்டெய்னர் போகிற அன்று காலையில் ஒரு ஒடிசாப் பெண் இரண்டு துண்டு கொண்டுவந்தாள். முனை இல்லை. லைனை நிறுத்தினோம். மிஷினைக் கழற்றினோம். தரையில் காந்தம் இழுத்தோம். அவள் தைத்த சட்டைகளை ஊசி கண்டுபிடிக்கும் மிஷினில் இரண்டு தரம் விட்டோம். சத்தமே இல்லை. மத்தியானம் ஆகிவிட்டது. லைனில் எல்லோருக்கும் பீஸ் ரேட். நின்றால் கூலி இல்லை.

"இன்னொரு ஊசி ஒடி கண்ணு. தீவாளியையும் இங்கயே கும்பிட்டுக்கலாம்" என்றாள் பக்கத்து மிஷின்காரி. சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது ஆள்காட்டி விரலில் வேஸ்ட் துணி சுற்றியிருந்தாள். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். ஊசி குத்தாத கை அங்கே யாருக்கும் கிடையாது. விட்டுவிட்டேன்.

சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"ஏனுங்க்கா, பழைய ஊசி டப்பா உங்ககிட்டத்தான இருக்குதுங்க?"

புரிந்தது. ஒரு பழைய ஊசியின் முனையைக் குறட்டால் ஒடித்து, அவள் கொடுத்த துண்டுகளோடு சேர்த்து ஒட்டினேன். முனை கிடைத்துவிட்டது என்று சூப்பர்வைசர் லைனில் சொன்னார். மிஷின்கள் ஓடின. சாயங்காலம் கன்டெய்னர் போனது.

அப்புறம் நாலு நாளும் ஏதோ ஒரு சட்டைக்குள் அந்தத் தொலைந்த முனை போகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அவள் மூன்று விரலால் துணியைத் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிய துணியை நானே அவிழ்த்தேன். விரல் கருத்திருந்தது. நாற்றம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் எலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. எத்தனையோ முனை ஒட்டியவள் நான். டாக்டர் சொல்வதற்கு முன்னமே தெரிந்துவிட்டது.

அவளைப் பார்த்து அழத் தோன்றவில்லை எனக்கு. அப்பாடா, சட்டையில் போகவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. போனில் சொன்னபோது சூப்பர்வைசரும் அதையேதான் சொன்னார். "நல்லதாப் போச்சுங்க்கா."

ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். துணியில் ரத்தம் பட்டுவிட்டதோ என்று பயந்தாளாம். ரத்தம் பட்ட சட்டை கழிவு. அப்புறம், முனை கிடைத்துவிட்டது என்று சொன்னதும், விரலில் இருப்பது வெறும் வலிதான் என்று நினைத்துவிட்டாளாம்.

அந்த முனை நான் ஒட்டியது என்று அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

விரலில் பாதியை எடுத்தார்கள். புண் ஆறுவதற்குள் அவள் ஊர்க்காரர்கள் ரயில் ஏற்றிவிட்டார்கள். பொங்கல் கழிந்து போன் செய்தாள்.

"அக்கா, தைக்க முடியுதுங்க. நாலு விரல் போதுங்க. வரட்டுங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை.

"அந்த மிஷினுக்கு ஆள் போட்டாச்சுங்க்கா."

அவள் மறுபடி கூப்பிட்டாள். இரண்டு தரம் அடித்தது. எடுக்கவில்லை.