நாலு மணி நேரம் பார்க்கிற மலை

ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துவது என் வேலை. அதனால் கண்ணாடி சம்பந்தப்பட்ட எதிலும் நான் சொல்வதுதான் கடைசி வார்த்தை என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. என் மனைவிக்கு அந்த மிதப்பைக் கண்டாலே ஆகாது. அவளுக்கு ஆகாத இன்னொன்று, டயலிசிஸ் சென்டரின் சுவர்.

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், அவள் நாற்காலிக்கு நேர் எதிரே அந்தச் சுவர்தான். இளம்பச்சைப் பெயிண்ட், நடுவில் ஓர் ஆணி, அவ்வளவே. டிவி இன்னொரு மூலையில் இருக்கிறது. ஊசி குத்திய கையை அசைக்காமல் எவ்வளவு நேரம் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது? இரண்டு தடவை தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டாள். மூன்றாவது தடவை பொய்கூடச் சொல்லவில்லை.

"இனிமே நான் போகலங்க. அந்தச் செவத்த என்னால பாக்க முடியல."

மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் அவள் உடம்பு இரண்டு வாரம்கூடத் தாங்காது. ஊசி வலிக்கிறது என்றால் நர்சிடம் பேசலாம். சுவரை யாரிடம் போய்ப் பேசுவது?

"ஒரு படம் எடுத்து மாட்டுறேன், என்ன படம் வேணும் சொல்லு" என்றேன்.

"மலை. உங்க கூட்டாளிங்க பேஸ்புக்ல போடுற மாதிரி ஆரஞ்சுக் கலர் சூரியன்லாம் வேணாம். நாலு மணி நேரம் பாக்கணும்ல? ஒவ்வொரு எலையும் தெரியணும். படம் வர்ற வரைக்கும் போறேன். வரலைன்னா நிறுத்திருவேன்."

சொன்னால் செய்கிறவள். சென்டரின் தலைமை நர்சைக் கேட்டேன். கதவளவு படம் மாட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார். கைபேசியில் அழகாக இருக்கிற படத்தைக் கதவளவுக்கு அச்சடித்துப் பாருங்கள், லென்சின் குறையெல்லாம் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். எனக்குத் தூக்கம் போனது.

என்னோடு படமெடுக்க வரும் கூட்டாளி ஒருவன், "மச்சான், மலைன்னா வைட் லென்ஸ்தான் லா!" என்று தன்னுடையதைக் கொடுத்தான். தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி, முன்பு ரப்பரும் இப்போது எண்ணெய்க்கான செம்பனையும் நிற்கிற தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்புக் குன்று இருக்கிறது. அதை எடுத்து வந்து காட்டினேன்.

"இதவிட நம்ம வீட்டுக்குப் பின்னால இருக்கிற கரையான் புத்து பெருசு" என்றாள்.

கோபம் வந்தாலும் அவள் சொன்னது உண்மை. வைட் லென்ஸ் காலடிப் புல்லுக்குப் பாதிப் படத்தைக் கொடுத்துவிட்டு மலையை எங்கோ தள்ளிவிட்டது. நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்த மலை அதே உயரத்தில் வேண்டுமென்றால், அதற்கு ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ்தான் சரி.

ஈப்போ பழைய டவுனில் பழைய கேமரா விற்கிற சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, மூன்று ஐம்பது மில்லிமீட்டர் லென்சுகளை எடுத்து வைத்தார். முதலாவது கனமானது, பெரிய கண்ணாடி, இருட்டிலும் எடுக்கலாம் என்றார். என் மலை இருட்டில் நிற்கவில்லை. முக்காலியில் கேமராவை வைத்து, வெளிச்சம் புகும் துவாரத்தை எஃப் எட்டு அளவுக்குச் சுருக்கித்தான் எடுக்கப்போகிறேன். அதற்கு எது கூர்மை என்பதுதான் கேள்வி. கடை வாசலிலேயே முக்காலியைப் போட்டேன். எதிர்க் கடையின் பெயர்ப்பலகையையும் ஓடுகளையும் மூன்று லென்சாலும் ஒரே மாதிரி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நடுவில் மூன்றும் நல்ல பிள்ளைகள். மூலைக்குப் போனால்தான் குணம் தெரிந்தது. கனமானது மூலை எழுத்துகளை இழுத்துவிட்டிருந்தது. இரண்டாவதை யாரோ கீழே போட்டிருக்க வேண்டும், ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மங்கல். மூன்றாவது பிளாஸ்டிக் உடம்பு, கைக்குள் அடங்கிவிடும். ஆனால் நாலு மூலையிலும் ஓடுகள் கோடு கிழித்த மாதிரி இருந்தன. அதை எடுத்துக்கொண்டேன். "அது மலிவுச் சாமான்" என்று தவுக்கே மலாயில் சொல்லிப் பார்த்தார். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பதை மலாயில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியும்போதே போய் எடுத்துவிட்டு, வழியில் பசியாறிவிட்டு ராஜா மாதிரி வீடு திரும்பினேன். கணினியில் திறந்தால் இலையெல்லாம் ஈரப் பஞ்சு. மலை முழுக்க ஆவி பிடித்த மாதிரி ஒரு மங்கல். எனக்கு ஏறியது பாருங்கள் ஒரு கோபம்! நேரே கடைக்குப் போய், காட்டியது ஒன்று கொடுத்தது ஒன்று என்று கத்தினேன். தவுக்கே லென்சின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். வாசமாக இருக்கிறதே என்று சிரித்தார்.

சந்தன வாசம். கண்ணாடியின் நடுவில் வட்டமாக ஒரு படலம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"புதுச் சாமான் வீட்டுக்கு வந்தா பொட்டு வைக்கமாட்டாங்களா? காருக்கு வச்சோம், பிரிட்ஜுக்கு வச்சோம். இதுக்கு நெத்தி எதுன்னு தெரியல. நடுவுல கண்ணாடி இருந்துச்சு, வச்சேன். அப்புறம் நீங்க கத்துவீங்கன்னு தொடச்சிட்டேன்."

"எதால தொடச்ச?"

"உங்க கைலியாலதான்."

மங்கலாகத் தெரிகிறது என்று வருகிற ஆட்களிடம், முதலில் கண்ணாடியைத் துடையுங்கள் என்று தினமும் சொல்கிறவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். என் முகத்தைப் பார்த்து அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. சந்தனம் வாழ்க என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

லென்சை முறையாகத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போனேன். முதல் நாள் பெய்த மழையில் காற்றுத் தூசி அடங்கியிருந்தது. செம்பனை ஓலைகள் ஆடாமல் நிற்கும் வரை பொறுத்திருந்து எடுத்தேன். இந்தத் தடவை பாறை வெடிப்புகளில் தொங்கிய கொடிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

படம் மாட்டிய அன்று அவளைக் கூட்டிவரப் போனபோது பாராட்டை எதிர்பார்த்துத்தான் நின்றேன்.

"வலது பக்கம் மேல, பாறையில ஒரு ஆடு நிக்குது. எடுத்த ஆளுக்குத் தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலி மலாய் அம்மா அது ஆடு இல்லை, கல் என்றாராம். அடுத்த நாற்காலிச் சீனப் பெரியவர் யாரோ போட்ட சிமெண்டுப் பை என்றாராம். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பார்க்கவே கூடாது என்று எனக்கு உத்தரவு. வழக்கு வாரக்கணக்கில் நடந்தது. அவளும் ஒரு நாள் விடாமல் போய் வாதாடினாள்.

தைப்பூசம் முடிந்த வாரம், சென்டரிலிருந்து திரும்பி வரும்போது காரில் சொன்னாள்.

"அடுத்த தைப்பூசம் வரைக்கும் இந்த மலை போதும். அதுக்கப்புறம் தைப்பிங் பக்கம் போயி வேற மலை எடுத்துட்டு வாங்க."

சரி என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.