தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சூடான பெட்டி

போன வாரம் கேமரன் மலையில், என் தங்கை கமலா வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே கண்ட அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. உங்களிடம் கொட்டிவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். இந்தத் தோட்டத்தில் அது தொழிற்சாலைச் சுவரை ஒட்டி இருக்கிறது. காலையில் அங்கே இடத்துக்குச் சண்டை. எந்த இடத்துக்கு? சுவரில் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டிக்குக் கீழே தொட்டில் கட்டத்தான்.

"தொட்டுப் பாருண்ணே, எப்படிச் சூடா இருக்கு," என்றாள் கமலா.

தொட்டேன். இதமான சூடு. அந்தக் குளிருக்கு வேறென்ன வேண்டும்? அன்று அந்த இடம் அவள் மகனுக்குக் கிடைத்திருந்தது. நான்கு நாளாக இருமிக்கொண்டிருந்த பயல், அயர்ந்து தூங்கினான்.

அப்போதுதான் அந்தோணி வந்தார். கொழுந்து உருட்டும் மெஷினின் மோட்டார் திணறுகிறது என்று பக்கத்து ஊரான தானா ராத்தாவிலிருந்து மேனேஜர் வரவழைத்த எலக்ட்ரிஷியன். வயர் போகும் வழியைப் பார்த்துக்கொண்டே கொட்டகைக்குள் வந்தவர், பெட்டிக்கு அருகே கையைக் கொண்டுபோனார். முகம் மாறிவிட்டது.

"புள்ளையத் தூக்குங்க. மொதல்ல தூக்குங்க."

கமலா மகனை வாரி எடுத்துக்கொண்டாள். அந்தோணி ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து மூடியைக் கழற்றினார்... உள்ளே ஒரே கரி. வயரின் மேலுறை உருகி வழிந்திருந்தது. அதற்கு நேர் கீழே தொட்டில் துணி.

"பழைய லைன் செம்புண்ணே. புதுசா இழுத்தது அலுமினியம்," என்றார் அந்தோணி. "அலுமினியம் நல்ல சாமான்தான். ஆனா ரெண்டையும் சேர்க்கிற எடத்துல அதுக்குன்னு உள்ள கிளிப் போடணும்லா. இங்க சும்மா போல்ட்டு போட்டு முறுக்கிட்டுப் போயிட்டானுங்க. நாளாக நாளாக மூட்டு லூசாயிடும், கரண்டு அங்கயே சூடாப் போயிரும். மோட்டார் திணறாம என்ன செய்யும்?"

ஆக, மோட்டாருக்குப் போக வேண்டிய கரண்டு வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. அந்த வீணுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கத்தான் தாய்மார்கள் சண்டை போட்டிருக்கிறார்கள்.

"என் மூத்தவனும் இந்த எடத்துலதான்ணே தூங்கினான்," என்றாள் கமலா. மகனை இறக்கிவிடவே அவளுக்கு மனம் வரவில்லை.

சும்மா கிடைக்கிற சுகத்தை நம்மில் யார் மூடியைத் திறந்து பார்க்கிறோம்?

மாலைக்குள் அந்த இணைப்பைச் சரியான கிளிப் போட்டு மாற்றிவிட்டார் அந்தோணி. மோட்டார் பழைய வேகத்தில் ஓடியது. மேனேஜர் துரைக்குப் பரம திருப்தி. பெட்டி ஜில்லென்று ஆகிவிட்டது.

அதைத் தொட்டுப் பார்த்த கொட்டகை ஆயா, சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அந்தோணியிடம் தயங்கித் தயங்கிப் போனார்.

"தம்பி, எல்லாஞ் சரிதான்லா. லேசா... கொஞ்சமா சூடு வர்ற மாதிரி கட்டிக் குடுக்க முடியாதா? புள்ளைங்க நடுங்குதுங்க."

பெட்டிக்குள் பார்த்ததைவிட இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

வெளியே வந்து தொழிற்சாலைக்குள் எட்டிப் பார்த்தேன். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம், உலர்த்தும் மெஷின் எப்போதும்போல் சூடான காற்றை ஊதிக்கொண்டிருந்தது — தேயிலைக்கு.