கதவைத் திறக்காத பெண்

மெஹ்ரெசியா அக்கா எங்கள் கெஃப் ஊரில் தையல்காரி. எனக்குப் பக்கத்து வீடு. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இருந்தது ஒரே மகன் ஹம்தி. அவன் சினிமா எடுக்கிறேன் என்று அலைந்ததே அவளுக்குப் பிடிக்காது.

அவன் எடுத்தது ஒரு குட்டிப் படம். அறைக்குள் ஒரு பெண் ரவை சலித்துக்கொண்டே இருக்கிறாள். தரையிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. வெளியே ஒரு குழந்தை கதவைத் தட்டுகிறது. அவள் திறக்கவில்லை. அவ்வளவுதான்.

எங்கள் சினிமா கிளப்பில் சனிக்கிழமைகளில் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு விவாதம் நடக்கும். ஜனாதிபதியைப் பற்றி மூச்சு விட முடியாத காலம் அது. அதனால் எந்தப் படத்தைப் போட்டாலும் அது அவர் அரண்மனையைப் பற்றிய படமாகிவிடும். கழுதை வந்தால் மந்திரி, மழை வந்தால் புரட்சி. கடைசி வரிசையில் மஃப்டி போலீஸ் லஸ்ஹர் உட்கார்ந்து எழுதுவான். எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் காபி கொடுப்பார்கள். பெயரைச் சொல்லாதவரை ஒன்றும் ஆகாது என்று ஒரு அசட்டுத் தைரியம்.

அந்தச் சனிக்கிழமை ஹம்தியின் படம் ஓடி முடிந்ததும் தத்துவ வாத்தியார் ரிதா எழுந்தார். "கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கிறவ யாருன்னு உங்களுக்கே தெரியும். வெளியே தட்டுறது யாருன்னும் தெரியும். தண்ணி ஏறுது, நண்பர்களே."

ஒரே கைதட்டல். ஹம்தி ஏதோ சொல்ல வாயெடுத்தான், யாருக்குக் கேட்கப் பொறுமை? மறுநாள் காலையில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பேசின மகராசனை விட்டுவிட்டார்கள், எடுத்தவனைப் பிடித்தார்கள்.

அக்கா லஸ்ஹரின் வாசலில் போய் விழுந்தாள்.

"கிளப்புல பேசினதைத்தான் நான் எழுதறேன்க்கா," என்றான். "அடுத்த சனிக்கிழமை அங்கேயே யாராவது வேற அர்த்தம் சொல்லட்டும். அதையும் எழுதி மேல அனுப்பறேன். விட்டாலும் விடுவாங்க."

"வேற அர்த்தம் என்னடா வேற அர்த்தம். அது என் வீடுடா."

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அக்கா முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பொம்பளை நான்தான். என் மக ஸல்ஹா முற்றத்துத் தண்ணித் தொட்டியில விழுந்து செத்துப்போனா. மூடியைப் போட மறந்தவ நான். அப்புறம் உள்ள தாழ் போட்டுக்கிட்டு ரவை சலிச்சேன், எத்தனை நாளோ தெரியாது. ஹம்தி அப்போ சின்னப் பையன். பசிக்குதும்மான்னு தட்டினான். எனக்குக் கேட்டுச்சு. நான் திறக்கல. இதோ, இவதான் அவனுக்குச் சாப்பாடு போட்டா." என்னைக் காட்டினாள். "இதுல ஜனாதிபதி எங்க வந்தார்? என் புள்ளையை விடச் சொல்லுங்க."

அவன் தட்டினது கேட்டது என்று அவள் என்னிடம்கூட ஒருநாளும் சொன்னதில்லை.

ரிதா வாத்தியார் எழுந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "இதைவிட ஆழமா யாராலும் சொல்ல முடியாது. பெத்த புள்ளையையே பட்டினி போட்ட தாய்! எந்தத் தாயைச் சொல்றாங்கன்னு நான் விளக்கணுமா?"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

"ஐயா, இது நிஜமா நடந்தது," என்று கத்தினேன்.

"நிஜம்தாம்மா, நிஜம்தான்," என்று பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாசமாய்ப் போக.

அக்கா தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். லஸ்ஹர் மட்டும் கைதட்டவில்லை, தலை நிமிராமல் எழுதினான். கைதட்டலையும் எழுதத்தானே வேண்டும்.

ஹம்திக்கு மூன்று வருஷம் போட்டார்கள். சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் சிறைக்குப் போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய் நின்றான்.

"எல்லார் முன்னாடியும் சொன்னியாமே."

"சொன்னேன்டா."

"யாராவது நம்பினாங்களாம்மா?"

அக்கா கூடையைக் கம்பியோரம் வைத்தாள்.

"லஸ்ஹர் நம்பினான்," என்றாள்.