காற்றுத் திருகு

பெட்ரோல் டேங்கிலிருந்து படகு மோட்டாருக்குப் போகும் ரப்பர் குழாயின் நடுவே, கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு பல்ப் இருக்கும். அதை அமுக்கினால் மோட்டாருக்குப் பெட்ரோல் ஏறும். அந்த மழை வெள்ளத்தில் அது என் கையில் சப்பையாகிக் கிடந்தது. அமுக்கி விட்டால் மறுபடி உப்ப வேண்டும், உப்பவில்லை. பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. படகில் கூட இருந்த லைன் லீடர் அக்காவுக்கு உறைத்தது.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில், வண்டிகளுக்கான பெட்ரோல் குழாய்களைச் சோதிக்கும் லைன் அக்காவுடையது. பல வருஷமாகக் காண்ட்ராக்ட். நான் மெயின்டனன்ஸ், பெர்மனன்ட். குழாய் பிடிக்கிறவர்களுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று கேன்டீனில் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

பிள்ளைப்பாக்கத்தில் ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது, கம்பெனி தன் சின்னப் படகைக் கொடுத்தது. ஓட்ட நான்தான் போவேன் என்று சண்டை போட்டு வாங்கினேன். எங்கள் வீட்டு மாடியில் என் மனைவி நிறைமாத வயிற்றோடு வலி கண்டு கிடந்தாள். அதே தெருக்காரரான அக்கா துடுப்போடு ஏறிக்கொண்டார்.

ஸ்டார்ட்டர் கயிற்றின் முதல் இழுப்பிலேயே மோட்டார் பிடித்தது. ஐந்து நிமிஷம் ஓடி நின்றது. கொஞ்சம் விட்டு இழுத்தால் பிடிக்கும், உடனே நிற்கும். ப்ளக்கைக் கழற்றித் துடைத்தேன். ஃபில்டரைக் கழுவினேன். பெட்ரோல் வாங்கி வந்தவனைத் திட்டினேன். அதற்குள் தண்ணீர் எங்களை வாய்க்கால் பக்கம் இழுத்தது. மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரம்மா துண்டை வீசி வீசிக் கூப்பிட்டார்.

அக்கா துடுப்பை வைத்துவிட்டுக் குழாயைப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, ப்ளக்க வுடு. பல்பு சப்பிகினு கீது பாரு. மோட்டாரு இழுக்குது, டேங்குதான் குடுக்க மாட்டேங்குது."

குழாயின் ஒரு முனையை அடைத்து மறுமுனையில் காற்றை உறிஞ்சினால் குழாய் சப்பிவிடும். அவர் லைனில் தினம் பார்ப்பது அதைத்தான். விரல் நேராக டேங்க் மூடிக்குப் போனது. அதன் மேல் காற்று உள்ளே போக ஒரு சின்னத் திருகு. படகையும் டேங்கையும் வேனில் ஏற்றி வரும்போது பெட்ரோல் சிந்தக் கூடாதென்று அதை இறுக்கியது நான். எங்கள் கம்பெனியில் ஒரு திருகு தளர்ந்திருந்தால் பழுது என்று சிவப்பு டேக் கட்டுவார்கள். இறுக்கி இறுக்கியே பழகிய கை. ஓட்டும்போது அதைத் திறக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்?

அக்கா இரண்டு சுற்று தளர்த்தினார். டேங்க் உஸ்ஸென்று மூச்சு இழுத்தது. பல்ப் உப்பியது.

"எவன்டா இத்த இறுக்கினது?"

நான்தான் என்றேன்.

"இறுக்க மட்டும் நல்லா கத்துக்கினீங்க. கயித்த இழு, மாடில பொண்ணு வலியோட காத்துகினு கீது."

அதன் பிறகு மோட்டார் நிற்கவில்லை. மாடியிலிருந்து என் மனைவியை இறக்கிப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தோம். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் சாயங்காலத்துக்குள் மகள் பிறந்தாள்.

மழை விட்டதும் கம்பெனி மீட்டிங்கில் எனக்குச் சால்வை போட வந்தார்கள். மெயின்டனன்ஸின் சமயோசிதமாம். மைக்கை வாங்கி, அடைத்தவன் நான், திறந்தது அக்கா என்று சொன்னேன். மேனேஜர் முகம் சுருங்கியது. சால்வை அக்காவுக்குப் போனது, பெர்மனன்ட் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவும் இல்லை.

இப்போது மழைக்காலத்துக்கு முன்பு படகுப் பயிற்சி கொடுப்பது அக்காதான். இன்ஜினியர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். நான் டேங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். போன வாரம் புதிதாக வந்த ஒருவர், அந்தம்மா எந்த கிரேடு என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு மேல சார்" என்றேன்.